செங்டுவில் பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மருத்துவம் படிக்க சீனாவில் செங்டுவுக்குப் போனவள் நான். வருகிற செப்டம்பரில் பாலக்கோட்டுத் தங்கச்சி ஒருத்தி அங்கே சேரப் போகிறாள். "அக்கா, பாட்டுக் கச்சேரிக்கெல்லாம் எப்படிப் போறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் போனைத் தயார் செய்யுங்கள். எந்த இடம், எத்தனை மணி, என்ன விலை என்பதெல்லாம் சியூதுங் என்ற செயலியில் வரும். சீன எழுத்துதான். தேதி, இடம், விலை என்று பத்து எழுத்து அடையாளம் தெரிந்தால் சமாளித்துவிடலாம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் வாசல் விலையைவிடக் குறையும். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் போடுங்கள். நமக்கு இனிஷியல் அப்பா பெயராக விரிந்து நிற்பதால் எது முன்னால், எது பின்னால் என்ற குழப்பம் வரும். நான் மாற்றிப் போட்டுவிட்டு ஓர் அரங்கின் வாசலில் அரைமணி நேரம் நின்றேன். உள்ளே முதல் குழு வாசித்து முடித்துவிட்டது. பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

சின்ன அரங்குகளை அங்கே லைவ்ஹவுஸ் என்பார்கள். யூலின் மேற்குச் சாலையில் 1997-ல் தொடங்கிய ஷியாவ் ஜியூகுவான் செங்டு ராக் இசைக்குத் தாய்வீடு மாதிரி. 'சின்ன மதுக்கடை' என்று அர்த்தம். 2016-ல் வந்த ஒரு பாட்டில் இந்தக் கடை பெயர் வந்த பிறகு வாசலில் போட்டோ எடுக்கும் கூட்டம்தான் அதிகம். கடைக்கு வேறு கிளைகளும் உண்டு, டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மதுக்கடை என்றதும் வீட்டில் பதறுவார்கள். குடித்தே ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை, டிக்கெட் இருந்தால் போதும். ஆனால் மெட்ரோ ராத்திரி 11 மணியை ஒட்டி நின்றுவிடும், ஹாஸ்டல் கதவும் அப்படித்தான். தனியாகப் போகாதீர்கள்.

அப்புறம் ராப். ஹையர் பிரதர்ஸ் குழு இந்த ஊர்தான், செங்டு இருக்கிற சிச்சுவான் மாகாணத்து வட்டார வழக்கில் பாடுவார்கள். வகுப்பில் நமக்குச் சொல்லித் தருவது பொதுச்சீனம். வார்டில் படுத்திருக்கும் பாட்டியோ "வயிறு வலிக்குது" என்பதை வட்டார வழக்கில்தான் சொல்வார். என் காது அதற்குப் பழகியதில் இந்த ராப்புக்குப் பாதிப் பங்கு உண்டு.

பாடத் தெரிந்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மாணவர் அனுமதியில் இருந்துகொண்டு, கல்லூரியும் குடிவரவு அலுவலகமும் ஒப்புதல் தராமல், காசு வாங்கி மேடையேறுவது சட்டப்படி தப்பு.

இவ்வளவு சொன்னாலும், ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் சிச்சுவான் இசைநாடகத்துக்குப் போங்கள் என்பேன். அங்கே அதற்குச் சுவான்ஜ்யூ என்று பெயர். சுற்றுலாக்காரர்களுக்காக நொடியில் முகமூடி மாற்றிக் காட்டும் காட்சிகள் நிறைய நடக்கும், அதை அப்புறம் பார்க்கலாம். ஹுவாசிங் தெருவில் யுவேலாய் என்ற பழைய தேநீர்க்கடை இருக்கிறது. அன்றைக்கு ஆட்டம் உண்டா என்று விசாரித்துக்கொண்டு மத்தியானம் போங்கள்.

சுவான்ஜ்யூவில் காவ்சியாங் என்று ஒரு பாணி. நரம்பு வாத்தியத் துணையே கிடையாது. நடிகர் ஒரு வரியைத் தூக்கி நிறுத்துவார், திரைக்குப் பின்னாலிருந்து பல குரல்கள் அதை ஏந்திக்கொண்டு போகும். அப்படியே நம் பாரதக் கூத்தின் பின்பாட்டு! சித்திரையில் விடிய விடியப் படுதாவில் உட்கார்ந்து கூத்துப் பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முகவீணை போலவே சீவாளி வைத்து ஊதும் சுவோனா என்ற குழலும் உண்டு. தாளம் முழுக்க ஒரு சின்ன மேளக்காரர் கையில். அவர் குச்சியைப் பார்த்துத்தான் சேகண்டிக்காரரும் ஜால்ராக்காரரும் அடிப்பார்கள்.

அதனால் நடு இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் மேளக்காரர் கை தெரிகிற ஓரமாக உட்காருங்கள். மூடி போட்ட கிண்ணத்தில் தேநீர் வரும். தீர்ந்ததும் மூடியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், கேட்காமலே வெந்நீர் ஊற்றுவார்கள். ஆட்டம் முடிகிறவரை அந்த ஒரு கிண்ணம் போதும்.