சிஆர்எம்மில் ஒரே ஆள் மூன்று பேராக வந்தபோது
கோவையில் எங்கள் பம்ப்செட் கடையின் வாடிக்கையாளர் பட்டியலைக் கிளவுட் சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களை இணையத்தில் வைத்துக் கையாளும் மென்பொருள்) ஏற்றியதும் ‘முருகேசன்’, ‘கே. முருகேசன்’, ‘முருகேசன் சூலூர்’ என ஒரே ஆள் மூன்று பேராக வந்து நின்றார். பெயரை நம்பிப் பயனில்லை, செல்போன் எண்தான் பிடி. அதுவும் +91, முன்னால் 0, நடுவில் இடைவெளி என்று கலந்து கிடந்தது.

ஏற்றியதை அழித்துவிட்டு, எக்செல்லில் இடைவெளிகளை நீக்கி, ரைட் ஃபார்முலாவால் கடைசி 10 இலக்கங்களை மட்டும் எடுத்தேன். சிஆர்எம்மில் செல்போன் எண்ணை யுனிக் ஃபீல்டாக, அதாவது ஒரே எண் இரண்டு பதிவுகளில் வர முடியாதபடி வைத்தேன். அப்புறம் மறுபடி ஏற்றும்போது, ஏற்கெனவே உள்ள எண் வந்தால் பழைய பதிவையே புதுப்பிக்கும்படி தேர்ந்தெடுத்தேன்.

ஏற்றும் கோப்பை யுடிஎஃப்-8 சிஎஸ்வியாக, அதாவது தமிழ் எழுத்துகளையும் அப்படியே வைத்திருக்கும் பட்டியல் கோப்பாகச் சேமியுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். இப்போது சர்வீஸ் கேட்டு யார் அழைத்தாலும், எந்த மோட்டார், கடைசியாக எப்போது காயில் கட்டினோம் என்பது ஒரே பக்கத்தில் தெரிகிறது.