உடம்பு கனமா? யோகா வகுப்புக்கு ஒரு துண்டோடு போங்கள்

சமூக மன்றத்து யோகா வகுப்பில் சேர்ந்தபோது என் எடை 96 கிலோ. முதல் நாளே முன்னால் குனியச் சொன்னார்கள், வயிறு மறித்தது. பக்கத்து அக்கா மெல்லச் சொன்னார்: "காலை ஒட்டி வைக்காதீங்க தம்பி. இடுப்பு அகலத்துக்கு விரிச்சு, முட்டியை லேசா மடக்குங்க." வயிற்றுக்கு இடம் கிடைத்தது, கை கெண்டைக்கால் வரை போனது! பாலாசனத்திலும் (மண்டியிட்டு உட்கார்ந்து, முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பது) அப்படித்தான், முட்டிகளை அகட்டி வையுங்கள்.

பதியுமுன் வகுப்பின் பெயரைப் பாருங்கள். ஹத்தா (நிதானமான அடிப்படை ஆசனங்கள்), ஜென்டில் (மென்மையானது), சேர் யோகா (நாற்காலியை வைத்துச் செய்வது) என்றால் சரி. பவர் (வேகமாக, கடுமையாகச் செய்வது), ஹாட் (சூடாக்கிய அறையில் செய்வது) எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

விரிப்பு 10 மில்லிமீட்டர் என்றால் முட்டிக்குச் சுகம்தான், ஆனால் ஒற்றைக்காலில் நிற்கும்போது ஆடும். நான் 6 மில்லிமீட்டர் விரிப்பில் முட்டிக்கடியில் மட்டும் துண்டை நான்காக மடித்துப் போடுகிறேன். சூரிய நமஸ்காரத்தில் மணிக்கட்டு வலித்தால், தரைக்குப் பதில் நாற்காலியில் கையூன்றலாம்; நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும்.

ரத்தக் கொதிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, ஆசிரியரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பாடு 2 மணி நேரத்துக்கு முன்பே முடியட்டும். ஒருமுறை மீன் குழம்போடு இரண்டு பிராட்டாவை மென்று விழுங்கிவிட்டு நேரே வகுப்புக்குப் போனேன். குனிந்தபோதெல்லாம் அந்தக் குழம்பு தொண்டைக்கு வந்தது.