பழைய மீன் தொட்டியில் கடல்நீர் ஊற்றும் முன்

மூன்றடி நீளத்தில் பழைய தொட்டி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள் இல்லை. ஆனால் நன்னீர் மீன் வளர்த்துப் பழகிவிட்டுக் கடல் மீனுக்கு மாறுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் அழுக்கைத்தான் மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். அந்தத் தொட்டியில் முன்பு என்ன மருந்து ஊற்றினார்கள் என்று விற்பவரிடம் கேட்பதே இல்லை.

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும், முக்கியமாகச் செம்பைப் பற்றி. மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும் செம்பு மருந்து ஊற்றுவது நெடுநாள் வழக்கம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவை மீன் தாங்கிக்கொள்ளும். இறால், நத்தை, கடல் சாமந்தி எனப்படும் அனிமோன், பவளம் ஆகியவற்றுக்கு அதைவிடக் குறைவான அளவே நஞ்சு. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை நம்பவே கொஞ்ச நாள் பிடிக்கும்.

எனக்கும் அப்படித்தான் நாள் பிடித்தது. வீடு மாறிப் போன ஒருவரிடம் தொட்டி வாங்கினேன். அதோடு வந்த கல்லையும் மணலையும் நன்றாக அலசி அப்படியே போட்டுவிட்டேன். மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் கழித்து ஆசையாக விட்ட இரண்டு கிளீனர் இறால்களும் மறுநாள் காலையில் செத்துக் கிடந்தன. டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தால் தண்ணீரில் செம்பு. சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கண்ணாடி அப்படிச் செய்யாது. அதனால் தொட்டியோடு இலவசமாக வரும் கல், மணல், பில்டர் ஸ்பாஞ்ச் எதையும் உள்ளே சேர்க்காதீர்கள். மூலைகளில் சிலிகான் நீலமாகச் சாயம் ஏறியிருந்தால், அந்தத் தொட்டியில் மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கடல்நீர்த் தொட்டியின் பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாம் என்று நினைப்பது இதைவிட ஆபத்து. அதில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஆவியோடு கலந்து மூச்சில் ஏறினால் மனிதர்கள் மருத்துவமனையில் படுக்க நேரிடும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஒரு குடும்பத்துக்கு இந்த நஞ்சால் அப்படித்தான் ஆனது. சரி, புதுப் பாறைக்கு எங்கே போவது? ராமேசுவரம் பக்கம் கரையில் பொறுக்கிய பவளக்கல்லை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் திட்டுகளுக்கு அந்தக் கல் நம்மைவிட அதிகம் தேவை. செயற்கையாகச் செய்த பாறை போதும்.

இனி கண்ணாடி. சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டும் வேண்டவே வேண்டாம். எவ்வளவு அலசினாலும் சிலிகான் ஓரங்களில் தங்கிவிடும். போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைக் கறைக்கு வினிகர்தான் மருந்து. டிஷ்யூ காகிதத்தை வினிகரில் நனைத்துக் கறைமேல் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டால் தானே இளகும். மிச்சத்தைப் பிளேடால் சுரண்டலாம், சிலிகானில் மட்டும் பிளேடு படக் கூடாது. கிருமிக்காக ப்ளீச் போடுவதானால் வினிகரை முழுக்கக் கழுவி எடுத்த பிறகு, வேறொரு நாளில். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அப்புறம் பலமுறை அலசி நன்றாகக் காயவிடுங்கள். கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மீன் தொட்டியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியா காயத்தின் வழியே புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக்கிவிடும்.

கசிவு பார்க்கும்போது பாதித் தண்ணீரோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. அடிப்பக்கத்து அழுத்தம் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. பாதி ஊற்றினால் பாதிச் சோதனைதான். மூன்றடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும், கண்ணாடியோடு 200 கிலோவைத் தாண்டும். சமமான தரையில் தெர்மகோல் விரித்து, சாதாத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, சுற்றிலும் செய்தித்தாள் போட்டு இரண்டு நாள் விடுங்கள். தாள் நனைந்தால் சிலிகானை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழைய சிலிகான்மேல் புதியது ஒட்டாது.

தொட்டியில் ஊற்றும் தண்ணீர் வழியாகவும் மறுபடியும் செம்பு வரலாம். வீட்டு ஆர்ஓ கருவிகள் சிலவற்றில் இப்போது செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் வைத்தே விற்கிறார்கள். தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருந்தால் ஆர்ஓ சவ்வின் வழியே போகாத தண்ணீரும் கொஞ்சம் கலந்து வரும். இந்த இரண்டும் இல்லாத ஆர்ஓ தண்ணீரில், சமையல் உப்பை அல்லாமல், கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் மரைன் உப்பைக் கலந்து ஒப்படர்த்தியை (சாதாத் தண்ணீரை 1 என்று வைத்துச் சொல்லும் அளவு) 1.025க்குக் கொண்டுவாருங்கள். பம்ப் மட்டும் போட்டு, கல்லும் மணலும் இல்லாமல் ஒரு வாரம் ஓடட்டும். பிறகு செம்பு கிட்டில் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் பாறையை இறக்கலாம்.