தோட்டத்துத் துணிமணிக்கு சின்னதா ஒரு மியூசியம் வைக்கிறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி ரப்பர் தோட்டம் இருந்த ஊர்ல பழைய துணிக்கு மியூசியம்னு ஆரம்பிக்கிறவங்க மொதல்ல கல்யாணப் பட்டத்தான் தேடிப் போறாங்க. பட்டு எல்லா வீட்டுலயும் பீரோவுல பத்திரமா இருக்கும். பால்வெட்டுக்கு, அதான் ரப்பர் மரம் சீவி பால் எடுக்கப் போட்டுட்டுப் போன முழுக்கை சட்டையும் கைலியும்தான் கெடைக்காது, லயத்த (தோட்டத்து வரிசை வீடுங்கள) இடிச்சி செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டு சனங்க டவுனுக்கு வந்தப்பவே பாதி குப்பைக்குப் போயிருச்சு, மிச்சம் தரை தொடைக்கப் போயிருச்சு. அதனால அத மொதல்ல கேளுங்க.

கெடச்சா தயவுசெஞ்சு தொவைக்காதீங்க. கை மடிப்புல பழுப்பா மொறமொறன்னு ஒட்டியிருக்குறது பால் காஞ்ச கறை, தோள்பட்டையில நூல் தேஞ்சிருக்குறது காண்டா கம்பு (பால் வாளிய தொங்கவிட்டு தோள்ல தூக்குற கம்பு) அழுத்துன இடம். அதெல்லாம் போச்சுன்னா அது யாரோட சட்டையோ ஆயிடும்.

குடுக்குற பாட்டிகிட்ட உக்காந்து பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க: எந்தத் தோட்டம், காலையில பெரட்டு (வேலைக்கு முன்னாடி ஆள் கணக்கெடுக்குறது) எத்தன மணிக்கு, துணி எங்க வாங்குனது, யாரு தச்சது. அன்பளிப்பா இரவலான்னு தாள்ல எழுதி கையெழுத்தும் வாங்கிக்கோங்க, பேரப்புள்ளைங்க நாளைக்கு வந்து கேப்பாங்க.

உள்ள கொண்டு வர்றதுக்கு முன்னாடி பூச்சிய கொல்லணும். பிளாஸ்டிக் பைல போட்டு காத்த வெளியேத்தி நல்லா ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. எடுத்ததும் பைய பிரிக்காதீங்க, ஒரு நாள் வெளிய இருக்கட்டும், இல்லன்னா துணியில தண்ணி கோத்துக்கும். ஒவ்வொரு துணிக்கும் குடுக்குற நம்பர துணி மேல பேனாவால எழுதவே கூடாது, வெள்ளை காட்டன் நாடாவுல எழுதி உள்பக்கமா ரெண்டு தையல் போட்டா போதும்.

பட்டுச் சேலைய ஹேங்கர்ல தொங்க விடாதீங்க, ஜரிகை கனத்துக்கு மடிப்புலயே கிழியும். ஆசிட் இல்லாத டிஷ்யூ பேப்பர மடிப்புக்குள்ள உருட்டி வச்சி, அப்பப்ப மடிப்பு எடத்த மாத்துங்க. ரப்பர் பேண்ட் வேணவே வேணாம், அதுல இருக்குற கந்தகம் வெள்ளி ஜரிகைய கறுப்பாக்கிடும்.

நம்ம ஊர்ல காலையில ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல போகும், துணிக்கு 50லேர்ந்து 55 இருந்தா நல்லது. பகல்ல மட்டும் ஏர்கான் போட்டு ராத்திரி அடைக்கிறது ரொம்ப மோசம், துணி சுருங்கி விரிஞ்சே நூல் அறுந்துடும், அதுக்குப் பதிலா ஒரு டிஹியூமிடிஃபையர் (காத்துல இருக்குற ஈரத்த இழுக்குற மெஷின்) வாங்கி ராத்திரி பகலா ஓட விடுங்க. வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்த அளக்குற அளவு) மேல வேணாம், வெளுத்த சாயத்த எந்த டோபியாலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது.

காட்சிக்கு வைக்கும்போது நொழஞ்சதும் பால்வெட்டுச் சட்டை, அடுத்த ரூம்ல பட்டு. மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து உள்ள வச்சிட்டு வேற மாத்துங்க.