எடின்பரோ போகிறீர்களா? காற்றின் திசையைப் பாருங்கள்

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் காலை மூடுபனி, வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளைப் பார்க்க ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள எடின்பரோ, அபர்டீன் பக்கம் போகிறவர்கள் அந்தக் கணக்கை அங்கே போடாதீர்கள். வட கடல் அப்போதும் குளிர்ந்தே கிடக்கும். அதன்மேல் வரும் இதமான ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. கிழக்குக் காற்று அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால் நாள் முழுவதும்கூட விலகாது.

கைப்பேசியில் சூரியன் படத்தைப் பார்த்து மகிழாமல் காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்கு என்றால் கடற்கரைத் திட்டத்தைத் தள்ளிவைத்து, ரயிலேறி மேற்கே கிளாஸ்கோ போய்விடலாம். எடின்பரோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே வெயிலடிக்க வாய்ப்பு அதிகம். காற்றுப் புகாத மேலங்கி கட்டாயம். கேமரன் மலைக்கென்று வாங்கிய கம்பளிச் சட்டை மட்டும் போதாது, அம்மாக்களே!