ஆடும் ஊசல் ஒன்றை இணையப் பக்கத்தில் வைக்க எஸ்விஜியா, கேன்வாஸா, லைப்ரரியா?

தொட்டால் நகரும் படம் ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம் என்று தேட ஆரம்பித்தால் பெயர்கள் வந்து குவியும்: சிஎஸ்எஸ், எஸ்விஜி, கேன்வாஸ், பி5, டி3, ஜிசாப், பிக்ஸி, த்ரீ. ஒன்று செய்வதை இன்னொன்றும் செய்கிறது. ஆனால் இவை ஒரே வரிசையில் நிற்பவை அல்ல. பிரவுசரிடம் படம் காட்ட இருக்கும் முக்கிய வழிகள் நான்கு: பக்கத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் எழுதும் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும், வடிவங்களை உறுப்புகளாக எழுதும் எஸ்விஜி, நிரலால் வரையும் பலகையான கேன்வாஸ், கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரையும் வெப்ஜிஎல். மற்றவை எல்லாம் இந்த நான்கில் ஏதோ ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்த லைப்ரரிகள், அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகள். அடித்தளத்தை முதலில் முடிவு செய்தால் பாதிப் பெயர்கள் தானாக விலகிவிடும்.

நூலில் குண்டு தொங்கும் ஓர் ஊசலை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடரை நகர்த்தினால் நூலின் நீளம் மாற வேண்டும், ஆட்டத்தின் வேகமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

படி 1: எண்ணிப் பாருங்கள்

எத்தனை பொருள்கள் நகரும்? எவற்றைத் தனித்தனியாகத் தொட முடிய வேண்டும்? படிக்க வேண்டிய எழுத்து உண்டா? இந்த மூன்றையும் தாளில் எழுதுங்கள். நகர்பவை சில நூறுக்குள் இருந்தால் எஸ்விஜி. சில ஆயிரம் என்றால் கேன்வாஸ். பல்லாயிரம் என்றாலோ முப்பரிமாணம் என்றாலோ வெப்ஜிஎல். இது தோராயக் கணக்கு; பழைய போனில் எல்லை இன்னும் கீழே இறங்கும்.

காரணம் எளிது. எஸ்விஜியில் ஒவ்வொரு வட்டமும் பக்கத்தின் ஓர் உறுப்பு. பிரவுசர் அதை நினைவில் வைத்திருப்பதால் எந்த வட்டத்தைத் தொட்டார்கள் என்பதை அதுவே சொல்லிவிடும். அந்த வசதிக்கான விலைதான் எண்ணிக்கை கூடும்போது வரும் மந்தம். கேன்வாஸ் வெறும் புள்ளிகள். வரைந்த மறுகணமே எது வட்டம், எது கோடு என்பது அதற்குத் தெரியாது. விரல் பட்ட இடத்துக்கும் குண்டின் மையத்துக்கும் உள்ள தூரத்தை நீங்களே கணக்கிட வேண்டும். கேன்வாஸில் எழுதிய எழுத்தைத் திரைவாசிப்பானாலும் படிக்க முடியாது.

நம் ஊசலில் இருப்பது ஒரு கோடு, ஒரு வட்டம், ஓர் எண். எஸ்விஜி போதும்.

படி 2: சிஎஸ்எஸ் மட்டும் போதுமா?

பயனர் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் போதும். 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறக்குறைய 2 வினாடி. ஆகவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 1 வினாடி, பிறகு அதே பாதையில் திரும்பல். சிஎஸ்எஸ் அனிமேஷனில் சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால அளவை மாற்றினால் குண்டு சட்டென்று வேறோர் இடத்துக்குத் தாவும். கடந்த நேரத்தைப் பிரவுசர் புதிய கால அளவோடு வைத்துக் கணக்கிடுவதால் வரும் தாவல் இது. ஸ்லைடர் இருக்கும் இடத்தில் சிஎஸ்எஸ் அனிமேஷன் சரிப்படாது.

படி 3: எஸ்விஜியை வரையுங்கள்

படத்தின் உள் அளவுகளைச் சொல்லும் வியூபாக்ஸை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சிறிய திரையில் படம் சுருங்காது, வெட்டுப்படும். எஸ்விஜியைப் படக் கோப்பாக இணைக்காமல் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதுங்கள். படமாக இணைத்தால் உள்ளே இருப்பதைப் பக்கத்தின் நிரலால் தொட முடியாது.

பலரும் தடுக்கி விழும் இடம் சுழற்சி. குண்டு தொங்கும் புள்ளியைச் சுற்றாமல் படத்தின் இடது மேல் மூலையைச் சுற்றிப் பறக்கும். எஸ்விஜியில் சுழற்சி மையம் இயல்பாக அங்கேதான் இருக்கிறது. கோட்டையும் வட்டத்தையும் ஒரே குழுவில் போட்டு, சுழற்றும் கட்டளையில் கோணத்தோடு தொங்கும் புள்ளியின் இரு ஆயங்களையும் கொடுத்தால் சரியாகும்.

படி 4: நேரத்தைச் சரியாகக் கையாளுங்கள்

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது. திரையைப் புதுப்பிக்கும் முன் நம் நிரலை அழைக்கும் பிரவுசரின் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம், 60 ஹெர்ட்ஸ் திரையில் வினாடிக்கு 60 முறை அழைக்கும், 120 ஹெர்ட்ஸ் திரையில் 120 முறை. ஒவ்வொரு அழைப்புக்கும் நிலையான அளவு நகர்த்தினால் ஒரே ஊசல் இரண்டாவது போனில் இரு மடங்கு வேகத்தில் ஆடும். முந்தைய அழைப்பிலிருந்து எத்தனை மில்லிவினாடி கடந்தது என்று பார்த்து அந்த அளவுக்கு மட்டும் நகர்த்துங்கள்.

கோணத்தை மொத்த நேரத்திலிருந்து நேரடியாகக் கணக்கிட்டாலும் தப்பு. ஸ்லைடரை அசைத்ததும் படி 2இல் பார்த்த அதே தாவல் வரும். ஆட்டம் அலைவின் எந்தக் கட்டத்தில் (ஃபேஸ்) இருக்கிறது என்பதை ஒரு மாறியில் வைத்து, ஒவ்வொரு முறையும் வேகம் பெருக்கல் கடந்த நேரத்தை அதனுடன் கூட்டிக்கொண்டே போங்கள். வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் கடந்த நேரம் மிகப் பெரிதாக வரும். அதற்கு 50 மில்லிவினாடி உச்சவரம்பு வையுங்கள்.

சோதனை: நீளம் 1 மீட்டர், வீச்சு 10 டிகிரி. 10 முழு அலைவுக்கு ஸ்டாப்வாட்ச் ஏறக்குறைய 20 வினாடி காட்ட வேண்டும். நீளத்தை 25 செ.மீ. ஆக்கினால் 10 வினாடி.

படி 5: கேன்வாஸுக்கு மாறினால்

ஒரே திரையில் 3000 ஊசல் வேண்டும் என்று வையுங்கள். அப்போது கேன்வாஸ். படம் மங்கலாகத் தெரிந்தால் திரையின் பிக்சல் விகிதத்தை (பக்கத்தின் ஒரு பிக்சல் அகலத்துக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்பதை) கவனிக்கவில்லை என்று பொருள்: விகிதம் 2 என்றால் 400க்கு 300 இடத்துக்கு 800க்கு 600 கேன்வாஸ் வைத்து, வரைவதையும் 2 மடங்கு ஆக்க வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பழையதை அழிக்காவிட்டால் குண்டு வால் இழுத்துக்கொண்டு போகும்.

படி 6: இப்போது லைப்ரரி

கேன்வாஸில் எளிதாக வரைய பி5. தரவிலிருந்து எஸ்விஜி வரைபடம் உருவாக்க டி3. எஸ்விஜியிலும் எச்டிஎம்எல்லிலும் பல அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க ஜிசாப். வேகமான இருபரிமாணத்துக்குப் பிக்ஸி, முப்பரிமாணத்துக்கு த்ரீ. நிரலே எழுத விருப்பமில்லை, வினாடி வினாவும் தொடுபுள்ளிப் படமும் போதும் என்றால் எச்5பி, கிளைக்கதைக்கு ட்வைன்.

நம் ஊசலுக்கு எதுவும் தேவையில்லை. ஓர் ஊசலுக்காக ஒரு முழு லைப்ரரியை வாசகரின் போனில் இறக்குவது நியாயமில்லை.

இரண்டு கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினால், ஒரே உறுப்பின் ஒரே பண்பை இரண்டும் தொடக் கூடாது. குண்டின் சுழற்சியை ஜிசாப் நகர்த்தும்போது அதே பண்புக்கு சிஎஸ்எஸ் ட்ரான்ஸிஷனும் (மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டும் அமைப்பு) இருந்தால் குண்டு இழுபட்டு நகரும். டி3யும், பக்கத்தின் உறுப்புகளைத் தானே புதுப்பிக்கும் லைப்ரரியான ரியாக்டும் ஒரே எஸ்விஜியைக் கையாண்டாலும் இதே சண்டைதான்.

படி 7: போனில் திறந்து பாருங்கள்

கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்கள் ஏறாமல் வெற்றுத் திரை வரலாம். உங்கள் கணினியிலேயே ஓடும் உள்ளூர் சர்வர் வழியாகத் திறங்கள். குண்டை விரலால் இழுக்கும்போது பக்கமும் சேர்ந்து உருண்டால் அந்த உறுப்புக்கு, தொடுதலால் பக்கம் உருள்வதைக் கட்டுப்படுத்தும் சிஎஸ்எஸ் பண்பான டச் ஆக்‌ஷனை நிறுத்துங்கள். ஸ்லைடரைச் சொந்தமாக வரையாமல் எச்டிஎம்எல்லின் ரேஞ்ச் உள்ளீட்டையே வையுங்கள். விசைப்பலகையின் அம்புக்குறிகளும் வேலை செய்யும். அசைவைக் குறைக்கும்படி இயங்குதளத்தில் அமைத்தவர்களுக்கு ஊசல் நின்ற நிலையில் திறக்கட்டும், பக்கத்தில் ஒரு தொடக்கப் பொத்தானோடு.