ஒரு பூட்டு, கொஞ்சம் நூல், வர்க்கமூலம்

வர்க்கமூலத்தைப் பள்ளியில் நான் மனப்பாடம்தான் செய்தேன். அது எதற்கு என்று புரிந்தது, பழைய பூட்டு ஒன்றை நூலில் கட்டி ஆட்டிப் பார்த்த அன்றுதான். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போது அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

கதவு நிலையில் உள்ள ஆணியில் நூலைக் கட்டுங்கள். ஆணியிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கட்டும், அடிவரை அளந்தால் கணக்கு தப்பும். லேசாக இழுத்து விடுங்கள். போய்த் திரும்பினால் ஓர் ஆட்டம். ஒரே ஆட்டத்துக்கு நேரம் பார்த்தால் கை தடுமாறும். 20 ஆட்டங்களுக்குப் பார்த்து வகுங்கள். ஏறக்குறைய 1 விநாடி வரும்.

இப்போது நூலை 1 மீட்டராக்குங்கள். நீளம் 4 மடங்கு, நேரம்? செல்போனைத் தொடும் முன் ஊகத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் 4 என்றுதான் எழுதுவார்கள். வருவது 2, அதாவது 4-இன் வர்க்கமூலம். அந்த நிமிடம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப்போல் கூடும் என்ற சூத்திரத்தை அதற்கு அப்புறம் சொன்னால் போதும்.

சரி, அடுத்தது வரைபடம். 25, 50, 75, 100 செ.மீ. நீளங்களுக்கு நேரத்தைக் குறித்தால் கோடு வளையும். நேரத்தின் வர்க்கத்தைக் குறியுங்கள், நேர்கோடாகிவிடும். நீளம் மீட்டரில் இருந்தால் சாய்வு 4-ஐ ஒட்டி வரும். பையின் (π) வர்க்கத்தைப்போல் 4 மடங்கை, அதாவது 39.5-ஐ, அந்தச் சாய்வால் வகுங்கள். 9.8-க்குப் பக்கத்தில் ஓர் எண் கிடைக்கும்: புவியீர்ப்பு முடுக்கம், உங்கள் வீட்டுக் கதவடியிலேயே.